போர்த் தண்ணீரும் கூதிர்காலக் கமேலியாவும்

ஒவ்வொரு மாசியிலும் மஞ்சள் பாய்ந்த கமேலியாத் தொட்டிகள் என் நர்சரிக்கு வரத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போனவர்கள், பூவும் மொட்டுமாக நின்ற செடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தவை. "நம்மூரு வெய்யிலு இதுக்கு ஒத்துக்கலீங்க" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கோவை தொண்டாமுத்தூர் பக்கம் பதினெட்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நான் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவற்றில் வெயிலால் செத்த செடிகள் குறைவு. நாம் ஊற்றிய தண்ணீரால் செத்தவைதான் அதிகம்.

போன வருடம் அவிநாசிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். "ஏனுங்க தம்பி, தெனமும் ரெண்டு நேரம் தண்ணி ஊத்தறேன். சாணி வெச்சேன், முட்டை ஓடு பொடிச்சுப் போட்டேன். அப்புறமும் ஏன் இப்படிங்க?" என்றார். கொழுந்து இலைகள் எலுமிச்சம்பழ நிறம். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நின்றன. தொட்டி விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்தேன், வெள்ளைப் பொடி ஒட்டியது. தண்டைச் சுற்றியிருந்த மண்ணை விலக்கினால், மூன்று விரற்கடை ஆழத்துக்குத் தண்டு புதைந்திருந்தது. அந்த இடத்தில் பட்டை நைந்து, நகம் பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அக்கா, உங்க வீட்டுல குழாய்த் தண்ணியா, போர்த் தண்ணியா?"

"போருதானுங்க. ஆயிரம் அடி. பருப்பே வேகாது."

பருப்பு வேகாத தண்ணீரில் கமேலியா வாழாது. காரணம் எளிது. கமேலியா தேயிலைக்குப் பங்காளி. வால்பாறையில் பச்சைக் கம்பளமாகப் பார்க்கிறோமே, அந்தத் தேயிலையும் தாவரவியலில் ஒரு கமேலியாதான். இரண்டுக்கும் புளிப்பு மண்தான் வேண்டும். கார அமில நிலை (பி.எச்.) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. நம்முடைய ஆழ்துளைத் தண்ணீரில் பெரும்பாலும் சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் கரைந்திருக்கின்றன. ஊற்ற ஊற்ற அவை தொட்டியில் தங்கி, சில மாதங்களில் மண்ணைக் காரமாக்கிவிடும். அதன்பின் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் கரையாது. வேர் எடுக்க முடியாது. கொழுந்து வெளுப்பது அதனால்தான். அக்கறையாக ரெண்டு நேரம் ஊற்றியவர் ரெண்டு நேரம் சுண்ணாம்பு ஊற்றியிருக்கிறார். முட்டை ஓடும் சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பலும் காரம். சிமென்ட் தொட்டியில் வைத்தால் தொட்டியே சுண்ணாம்பு கசியும். முருங்கைக்கும் மல்லிக்கும் சொல்லும் கைவைத்தியத்தை இதற்குச் செய்யாதீர்கள்.

இங்கே இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை "வீணாப் போகுதே" என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். அது உப்பு செறிந்த தண்ணீர், போர்த் தண்ணீரைவிட மோசம். அபார்ட்மென்ட்களில் உள்ள சாஃப்ட்னர் தண்ணீர் சோப்பு நுரைப்பதற்கு நல்லது, செடிக்கு நல்லதில்லை. சுண்ணாம்பை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தை வைக்கிறது; பைகார்பனேட் அப்படியே இருக்கிறது.

எதை ஊற்றுவது? மழைத் தண்ணீர்தான் முதல். 100 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி மழையில் 200 லிட்டர் டிரம் இரண்டை நிரப்பி மூடிவைத்தால், ஒரு தொட்டிக்கு அடுத்த கோடை தாண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, பிடித்து வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு குறைந்த சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். வேறு வழியே இல்லை, போர்தான் என்றால், 10 லிட்டர் வாளிக்கு 2 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 6-க்குப் பக்கம் வரவேண்டும். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறும், அதனால் தாளில் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள்.

மண்ணுக்கு வருவோம். நம் செம்மண்ணில் பல இடங்களில் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக்கல் கலந்திருக்கும். ஒரு பிடி மண்ணில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்த மண் இந்தச் செடிக்கு ஆகாது. கரிசலில் தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். நான் கலப்பது தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, நுரைக்காத செம்மண் ஒரு பங்கு, பெருமணல் ஒரு பங்கு. பொள்ளாச்சி நார்க்கட்டி நல்ல சரக்குதான், ஆனால் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்ப்பேன். 12 அங்குல மண் தொட்டி போதும். வேர்க்கட்டியின் மேல்முகம் தொட்டி மண்ணுக்கு அரை அங்குலம் மேலேயே நிற்கட்டும். இதன் வேர்கள் மேலாகப் படர்பவை. தண்டைப் புதைத்தால் மூச்சு முட்டும்.

இனி, எங்கே வளரும் என்பதை உள்ளபடி சொல்கிறேன். வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு மாதிரி மலைகளில் தரையிலேயே வைக்கலாம். மலையடிவாரமான ஆனைகட்டி, ஆனைமலை, சிறுவாணிச் சாலைப் பகுதிகளில், கிழக்கு வெயில் மட்டும் படும் இடத்தில், தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். மேற்குச் சுவரோரமும் கொதிக்கும் மொட்டை மாடியும் வேண்டாம். கரூர், ஈரோடு, பரமத்தி வேலூர்க்காரர்கள் கேட்டால் நான் விற்பதில்லை. சித்திரையில் அந்தச் செடி படும் பாட்டை என்னால் பார்க்க முடியாது.

வாங்கும்போது எந்தக் கமேலியா என்று பாருங்கள். நம் பக்கம் தாக்குப்பிடிப்பது 'சசான்குவா'. தெற்கு ஜப்பான் காட்டுச்செடி. 1784-இல் துன்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இலை சின்னது, கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஓரம் நுணுக்கமாக அரம்போல் இருக்கும். இளங்கிளையைத் தடவினால் மெல்லிய ரோமம் தெரியும். 'ஜப்போனிகா'வுக்கு இலை பெரிது, தடிப்பு, பளபளப்பு. கிளையில் ரோமம் இருக்காது. அது வெயிலை அவ்வளவு தாங்காது, பூப்பதும் பிந்தி. சசான்குவாவில் 'செட்சுகெக்கா' என்ற வெள்ளை ரகம் எனக்குப் பிடித்தது. ஜப்பானிய மொழியில் பனி, நிலவு, மலர் மூன்றும் சேர்ந்த பெயர் அது. இதைப் பலரும் இலையுதிர்காலப் பூ என்று எழுதுகிறார்கள். நமக்குக் கூதிர் என்று ஒரு காலமே இருக்கிறது, ஐப்பசியும் கார்த்திகையும். குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பொழுதாக வகுத்தார்கள் நம் முன்னோர். மலையில் இந்தப் பூ மலர்வது சரியாக அந்த நாலு மாதம்தான்.

பூக்கவில்லை என்ற புகாருக்கு முக்கால்வாசிக் காரணம் கத்தரிக்கோல். பூ முடிந்து வரும் புதுத் தளிரில்தான் அடுத்த மொட்டு பிடிக்கும். ஐப்பசியில் ரோஜாவுக்குக் கவாத்து செய்கிறவர்கள் அதே கத்தரியோடு இதையும் ஒரு கை பார்த்துவிடுகிறார்கள், மொட்டு மொத்தமும் குப்பைக்குப் போகிறது. வெட்டுவதானால் பூ ஓய்ந்த உடனே, தை கடைசியிலோ மாசியிலோ லேசாக வெட்டுங்கள். ஒல்லியாகக் கூர்ந்திருப்பது இலைமொட்டு, உருண்டு தடித்திருப்பது பூமொட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி, ஆவணியில் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். அப்போது ஒருமுறை வறண்டாலும் உருண்டை மொட்டுகள் பழுப்பேறி உதிரும்.

டீச்சரின் செடிக்கு நைந்த வேரை வெட்டி, புதுக் கலவையில் மேலாக நட்டு, காரமண்ணிலும் வேலை செய்யும் இ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புச்சத்தைக் கரைத்து ஊற்றினேன். தளிர் பச்சையாகத் துளிர்க்க மூன்று மாதம் ஆனது. அவர் வீட்டில் மாடி மழைத்தண்ணீர்க் குழாய்க்கு அடியில் டிரம் வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து, இந்த மார்கழியில் போன் வந்தது. மொத்தம் நாலு மொட்டு, ஒன்று விரிந்திருக்கிறது என்றார். மறுநாள் காலை திரும்பவும் போன். "தம்பி, பூ முழுசா உதிரலீங்க. இதழு இதழாத் தட்டுல கொட்டிக் கெடக்குது. நோயா?" என்று பதறினார். "இல்லீங்க அக்கா, ஜப்போனிகாதான் முழுப்பூவா விழும். சசான்குவா இப்படித்தான் இதழ் இதழா உதிரும்" என்றேன். "அப்படீங்களா, அப்ப கூட்டாம விட்டுடறேன்" என்றார்.