சி-யிலிருந்து டி-க்கு: கோப்புறை வீடு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது?

மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். போன வருடம் அவருடைய லப்டொப் ஒருநாள் திறக்கவே மாட்டேன் என்றது. கடையில் கொடுத்தார், விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் வைத்துத் திறந்து பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, டொக்கியூமென்ட்ஸ் போல்டர் இருக்கு. உள்ளுக்கு ஒண்டுமே இல்லையே?" இருபது வருடப் பாடக்குறிப்புகளும் அவருடைய அம்மாவின் முப்பத்தோராம் நாள் படங்களும் அதற்குள்தான் இருந்தன.

நடந்தது இதுதான். விண்டோஸ் தானும் சி டிரைவில், அதாவது கணினிச் சேமிப்பின் சி என்ற பகுதியில், குடியிருக்கிறது, நம்முடைய டொக்கியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளையும் அதே சி-யில், பயனர் கணக்கின் கீழ் வைத்துக்கொள்கிறது. விண்டோஸ் பழுதாகி சி-யை ஃபோமட் செய்தால் நம்முடையதும் சேர்ந்தே போகும். அதனால்தான் கோப்புறைகளை டி என்ற மற்ற டிரைவுக்கு மாற்றி வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் 'மாற்றுவது' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

முதல் வேலை, கோப்புகளை நகர்த்துவது. டீச்சரின் மேசையிலேயே ஒரு சின்னச் சோதனை செய்தோம். 4 ஜிபி வீடியோ ஒன்றை டெஸ்க்டொப்பிலிருந்து சி-யிலேயே உள்ள வேறொரு கோப்புறைக்கு இழுத்துப் போட்டோம். கண் இமைப்பதற்குள் போய்விட்டது. அதே வீடியோவை, ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி, டி-க்கு இழுத்தோம் (அழுத்தாவிட்டால் வேறு டிரைவுக்குப் பிரதி மட்டும்தான் போகும்). பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. "கிட்டக் கிட்டத்தானே இருக்கு, ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

விண்டோஸ் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் முறைக்கு என்டிஎஃப்எஸ் என்று பெயர். 1993இல் வந்தது, இன்றும் அதுதான். ஒவ்வொரு டிரைவிலும் அது ஒரு பெரிய பதிவேடு வைத்திருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வழக்கமாக 1 கேபி அளவில் ஒரு பதிவு. கோப்பின் பெயர், அது எந்தக் கோப்புறைக்குச் சொந்தம், அதன் தரவு டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் 'எந்தக் கோப்புறை' என்ற விவரம் மட்டும் மாறும். 4 ஜிபி தரவில் ஒரு துளிகூட அசையாது. டி-க்கு அதற்கென்று வேறொரு பதிவேடு. அங்கே புதிதாகப் பதிந்து, இடம் பிடித்து, முழுத் தரவையும் படித்து எழுதி, ஒரு கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகே சி-யில் உள்ளது நீக்கப்படும். பத்தாயிரம் சின்னப் படங்கள் ஒரு பெரிய வீடியோவைவிட அதிக நேரம் எடுப்பதும் இதனால்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டுமே.

நீக்கும்போதும் தரவு உடனே மறைவதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறிப்பு மட்டும் விழும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை மீட்க வழியுண்டு. டீச்சருடையது அந்த வகைதான் என்பதால் படங்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மற்றவை கிடந்த இடத்தில் புது விண்டோஸ் உட்கார்ந்துவிட்டது. சுழலும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருப்பது அரிது. காலியான இடம் எது என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது அந்த இடங்களைத் தானே துடைத்துவிடும்.

இரண்டாவது வேலை, முகவரியை மாற்றுவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து பல குடும்பங்கள் திராய்மடுவில் குடியேறின. ஆள் அதே ஆள், பெயர் அதே பெயர், இருப்பிடம் வேறு. புது இருப்பிடம் தெரிந்த தபால்காரருக்குப் பெயர் போதும், கடிதம் போய்ச் சேரும். விண்டோஸில் அந்தத் தபால்காரர் வேலையைச் செய்வது ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் குறிப்பேடு. ஒழுங்காக எழுதப்பட்ட எந்த மென்பொருளும் 'சி-க்குள் இந்தப் பாதையில் போ' என்று தனக்குள் எழுதி வைப்பதில்லை. 'இவருடைய டொக்கியூமென்ட்ஸ் எங்கே இருக்கிறது?' என்று விண்டோஸைக் கேட்கும். 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து இப்படிப்பட்ட ஒவ்வொரு கோப்புறைக்கும் 128 பிட் நீளமான நிலையான அடையாள எண் உண்டு. எண் மாறாது, அதற்கு நேரே உள்ள பாதையை மட்டும் நாம் மாற்றலாம்.

சும்மா இழுத்து டி-யில் போடுவதைவிட முறையாகச் செய்வது நல்லது என்று நான் சொல்வதும் இதற்காகத்தான். முதலில் டி-யில் 'டொக்கியூமென்ட்ஸ்' என்று ஒரு கோப்புறை திறந்துகொள்ளுங்கள். பிறகு பழைய டொக்கியூமென்ட்ஸின் மேல் வலது கிளிக், ப்ரோபர்ட்டீஸ், லொகேஷன், மூவ். புதுக் கோப்புறையைக் காட்டி அப்ளை கொடுத்தால், பழைய கோப்புகளையும் கொண்டுபோகவா என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்றால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். டி-யையே நேராகக் காட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் டிரைவ் முழுவதும் உங்கள் டொக்கியூமென்ட்ஸ் ஆகிவிடும், பிறகு பழையபடி ஆக்குவது பெரிய தலையிடி. மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஏற்கெனவே அந்தக் கோப்புறையைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தால், அதன் பேக்கப்பை முதலில் நிறுத்துங்கள். லப்டொப்பில் சார்ஜ் நிறைய இருக்கட்டும், பாதியில் கரண்ட் போகலாம்.

சரி, இனி விண்டோஸ் மறுபடி பழுதானால்? சி மட்டும் அழிக்கப்படும், டி-யில் உள்ளது அப்படியே இருக்கும். புது விண்டோஸுக்குப் பழைய முகவரி தெரியாது, மறுபடி லொகேஷன் காட்ட வேண்டும். 'அனுமதி இல்லை' என்றும் வரலாம், பயப்பட வேண்டாம். என்டிஎஃப்எஸ் உரிமையாளரைப் பெயரால் பதிவதில்லை, ஒரு நீண்ட எண்ணால் பதிகிறது. அதே பெயரில் கணக்குத் திறந்தாலும் புது விண்டோஸில் எண் வேறு. கணினியின் நிர்வாகி கணக்கிலிருந்து உரிமையை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல லப்டொப்களில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கைக் கோடு போட்டுப் பிரித்த இரண்டு பகுதிகள். ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரி, வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். இரண்டும் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் இருந்தால், டிஸ்க் சாகும்போது டி-யும் சாகும்.

டீச்சரின் லப்டொப்பில் அப்படித்தான் இருந்தது. அதனால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினார். மாதம் ஒருமுறை அதில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, மண்முனைப் பாலம் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் இருக்கும் தங்கச்சி வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வருகிறார். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை கூடுதலாகவும் போவார். லப்டொப் வாவியின் கிழக்கே எழுவான்கரையில், பிரதி மேற்கே படுவான்கரையில்.