வடகத்துக்கும் பைக்கும் ஒரே மாவு

சித்திரை வெயிலில் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி மொட்டைமாடியில் வடகம் ஊற்றியவர்களுக்குத் தாவரப் பிளாஸ்டிக் பாதி தெரிந்த விஷயம்தான். வெள்ளையாக இருந்த மாவு கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடியாகிறது. மெல்லிசாக ஊற்றி இரண்டு நாள் காயவிட்டால் உரித்தெடுக்க ஓர் ஏடு கிடைக்கிறது. சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஃபேக்டரிகளில் குச்சிக்கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு எடுக்கிறார்களே, அந்த மாவிலேயே பையும் செய்யலாம்.

மாவின் ஒவ்வொரு மணியும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைச் சுருட்டிக் கட்டிய பொட்டலம். தண்ணீரோடு 60, 70 டிகிரிக்குச் சூடேற்றினால் பொட்டலம் ஊதி உடைந்து சங்கிலிகள் வெளியே வருகின்றன. காயும்போது தண்ணீர் போய்விட, அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் காய்ந்த வடகத்தை வளைத்தால் படக்கென்று ஒடிகிறது. கூழில் கொஞ்சம் கிளிசரின் விட்டால், அது சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து வழுக்கிக் கொடுக்கிறது. ஏடு வளைய ஆரம்பிக்கிறது. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பொரித்துத் தின்ன மட்டும் வேண்டாம்.

சரி, அந்த ஏட்டில் உழவர் சந்தைக்குப் போய்த் தக்காளி வாங்கி வர முடியுமா? முடியாது. ஈரம் பட்டால் கொழகொழத்துவிடும். அதனால் பை செய்பவர்கள் மாவோடு பிபிஏடி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைக் கலக்கிறார்கள். பைக்கு வலு தருவது அதுதான். இங்கேதான் வேடிக்கை: பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 'கிழங்கில் செய்தது' என்று அச்சடித்து வரும் பையில் எண்ணெய்க் கிணற்றுக்கும் பங்கு உண்டு.

உடனே ஏமாற்று வேலை என்று சொல்லிவிடக் கூடாது. எண்ணெயிலிருந்து வந்தாலும் பிபிஏடியை நுண்ணுயிர்கள் தின்னும். இதற்கு நேர் எதிராக, பிரேசிலில் 2010 முதல் கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். பிறப்பு கரும்பில்தான், ஆனால் நம் ஊர் கேரிபேக்கைப் போலவே அதுவும் மக்காது. எதிலிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, கடைசியில் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகின்றன.

அப்புறம் பிஎல்ஏ என்ற இன்னொரு தாவரப் பிளாஸ்டிக். மாவைச் சர்க்கரையாக்கி, அதை நுண்ணுயிர்களுக்குக் கொடுத்தால் லாக்டிக் அமிலம் கிடைக்கும். தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். அதன் மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிதான் பிஎல்ஏ. நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1930-களிலேயே இதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

பிஎல்ஏவின் குணம் முழுக்க ஓர் எண்ணில் இருக்கிறது: ஏறக்குறைய 60 டிகிரி. அதற்குக் கீழே சங்கிலிகள் விறைத்து நிற்கும். அதை நெருங்கினால் தளர்ந்துவிடும். சாதாரண பிஎல்ஏ டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றினால் நெளிவது இதனால்தான். மக்குவதும் இதே வழியில்தான். சங்கிலி தளர்ந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து கண்ணிகளை வெட்டும். வெட்டிய துண்டுகளைத்தான் நுண்ணுயிர்கள் தின்ன முடியும். சோதனைக்கூடத்தில் உரக் குவியலை 58 டிகிரியில் வைத்துப் பார்ப்பது சும்மா இல்லை. அந்தச் சூட்டில் 180 நாளுக்குள் பிளாஸ்டிக்கின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வேண்டும். இந்தியாவில் இதற்கு ஐஎஸ் 17088 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும்.

ஈரோட்டில் அக்னி நட்சத்திரத்தின்போது தார் உருகும். ஆனாலும் காற்றின் சூடு 40-ஐத் தாண்டி ஒன்றிரண்டு டிகிரிதான். சாக்கடை ஓரம் கிடக்கும் பைக்கு அது போதாது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியடியில் இப்படி ஒரு பையை ஆடியில் புதைத்து மாசியில் தோண்டினேன். கிழிந்திருந்தது, வெளுத்திருந்தது, ஆனால் பை என்று அடையாளம் தெரிந்தது. கோவை வெள்ளலூர்க் கிடங்கு மாதிரிக் குப்பை மலையின் அடியில் இன்னும் மோசம்: காற்றும் இல்லை, அந்தச் சூடும் நிச்சயமில்லை. பிஎல்ஏ அப்படியே கிடக்கும். மாவு கலந்த பையானால் மாவுப் பகுதி மட்டும் மீத்தேனாக வெளியேறும்.

ஆகவே மண்ணில் தொடங்கி மண்ணுக்கே திரும்பும் வட்டம் பையில் முடிவதில்லை, உரக் குவியலில் முடிகிறது. 2016-ம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் பைகளுக்குத் தடிமன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டன. மக்கும் பை செய்யும் தொழில்துறை இன்னும் சலுகை கேட்கட்டும், தவறில்லை. ஆனால் பைக்காக எழுப்பும் குரலில் பாதியையாவது உரக்கிடங்குக்காக எழுப்பினால் நம்பலாம். விளைநிலத்தில் துளிதான் எடுத்துக்கொள்கிறோம் என்றும் சொல்கிறார்கள். இன்றைக்கு அது உண்மை; ஏனென்றால் உலகம் வருடத்துக்குச் செய்யும் 40 கோடி டன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக்கில் தாவரப் பிளாஸ்டிக்கின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. பங்கு வளர்ந்தால் கணக்கும் மாறும்.

குவியலைச் சூடேற்றத் தேவையான சரக்கு கொங்கு நாட்டில் கொட்டிக் கிடக்கிறது. பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவு: கார்பன் நிறைய, நைட்ரஜன் கொஞ்சம். நாமக்கல்லில் கோழி எரு: நைட்ரஜன் நிறைய. நார்க்கழிவைச் சிப்பிக்காளான் விட்டு மக்கவைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெகுகாலமாகச் சொல்லித் தருகிறது. அளவு பார்த்துக் கலந்து, ஈரம் காத்து, புரட்டிப் போட்டால் நுண்ணுயிர்களின் மூச்சிலேயே குவியல் 55, 60 டிகிரிக்கு ஏறும். அடுப்பு வேண்டாம். அந்தக் குவியல் வரைக்கும் பையைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

தவறான இடத்தில் சேர்ந்தால் கேடும் உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக்கை உருக்கி நூலாக்கும் ஆலைகள் கரூரில் இருக்கின்றன. பாலித்தீன் தண்ணீரில் மிதக்கும், பெட் மூழ்கும், பிரிப்பது சுலபம். பிஎல்ஏவும் மூழ்கும். பெட் செதில்களைச் சூட்டில் உலர்த்தும்போது பிஎல்ஏ முன்னதாகவே இளகிக் கட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலை பிஎல்ஏவில் செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன்.

உணவுக் கழிவோடு சேர்ந்தே உரக்கிடங்குக்குப் போகிற பைக்கு மக்கும் பிளாஸ்டிக் பொருத்தம். கடைக்குப் போய்வர மஞ்சப்பை இருக்கிறது. இன்னொரு நல்ல இடம் தக்காளிக் காடு. களை வராமலிருக்க விரிக்கும் மல்ச்சிங் ஷீட் அறுவடைக்குள் நாராகக் கிழிந்து மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு 58 டிகிரி கேட்காமல் சாதாரண மண்ணிலேயே மக்கும் ரகம் வேண்டும். அதைத் தனியாகச் சோதிக்கும் தரமும் ஐரோப்பாவில் இருக்கிறது. விலை கூடுதல்தான். ஆனால் அடுத்த உழவுக்கு முன் குனிந்து குனிந்து கிழிசலைப் பொறுக்கும் ஆட்களின் கூலியையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துத்தான் விலையைப் பேச வேண்டும்.