புரோமோ: முன்னோட்டம், களரி, பீடிகை

புது சீரியல் வருகிறது என்ற செய்தி கடலூர் வீடுகளுக்குள் புரோமோவாகத்தான் நுழைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது இடைவேளை விடுகிறார்கள். சோப்பு, மசாலாத்தூள், நகைக்கடை எல்லாம் வந்துபோன பிறகு, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கோயில் படிக்கட்டில் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். தேங்காய் சிதறுகிறது. கனத்த குரல் ஒன்று "விரைவில்" என்கிறது. அவ்வளவுதான். தேதி கிடையாது, மணி கிடையாது. சில நாள் கழித்து அதே படிக்கட்டு, அதே தேங்காய். இந்தத் தடவை "வரும் திங்கட்கிழமை முதல், காணத் தவறாதீர்கள்" என்று முடிகிறது.

மஞ்சக்குப்பத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றால் மிச்சத்தையும் கேட்கலாம்.

"புதுசு ஒண்ணு வருதாமே, எதைத் தூக்கப் போறான்?"

"ஏழரை மணி நாடகத்தை முடிச்சிடுவான்னு தோணுது."

"அதுல அந்தப் பொண்ணுக்கு இன்னும் கொழந்தையே பொறக்கலையேக்கா!"

புதிய தொடரின் கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எந்த நேரத்தில் போடுவான், யாரை வெளியே அனுப்புவான் என்பதில்தான் எதிர்பார்ப்பு முழுவதும். இன்னொன்றும் கவனியுங்கள். வயதான பெண்கள் 'சீரியல்' என்று சொல்வதைவிட 'நாடகம்' என்று சொல்வதுதான் அதிகம். அந்தச் சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் புரோமோ.

ஆங்கிலத்தில் 'பிரமோஷன்' என்ற சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்தது 'புரோமோ'. பிரமோஷனுக்கு மூலம் லத்தீன்: 'ப்ரோ' என்றால் முன்னால், 'மொவேரே' என்றால் நகர்த்து. ஆக, முன்னால் நகர்த்துவது. அலுவலகத்தில் பியூன் எழுத்தர் ஆவதும் பிரமோஷன்தான், சோப்புக்கு இன்னொரு சோப்பு இலவசம் என்று கடைக்காரர் தள்ளிவிடுவதும் பிரமோஷன்தான். முன்னதற்குப் பதவி உயர்வு என்றும் பின்னதற்கு விற்பனை ஊக்குவிப்பு என்றும் தமிழில் தனித்தனியாகச் சொல் இருக்கிறது. தொலைக்காட்சி தன் நிகழ்ச்சிக்குத் தானே செய்துகொள்ளும் விளம்பரத்துக்கு மட்டும் 'புரோமோ' என்ற வெட்டுச்சொல் நிலைத்துவிட்டது.

எழுதும்போது 'ப்ரோமோ' என்று புள்ளி வைத்த எழுத்தில் ஆரம்பிப்பவர்கள் உண்டு. தமிழில் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது என்பது தொல்காப்பிய விதி. அதனால் 'புரோமோ' என்று உகரம் சேர்த்து எழுதுவதே நம் வாய்க்கும் இலக்கணத்துக்கும் ஒத்துவருகிறது. பேச்சில் அந்த உகரம் எப்படியும் வந்துவிடுகிறது.

இதற்கு நல்ல தமிழ்ச்சொல் முன்னோட்டம். முன் + ஓட்டம். 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்ற நன்னூல் விதிப்படி 'ன்' இரட்டித்து 'முன்னோட்டம்' ஆகிறது. லத்தீன்காரர் முன்னால் 'நகர்த்து' என்றார், நாம் முன்னால் 'ஓடு' என்கிறோம். ஓட்டம் இங்கே ரொம்பப் பொருத்தம். படம் நூறு நாள் ஓடியது என்கிறோம், டிவியில் என்ன ஓடுகிறது என்று கேட்கிறோம். ஓடப்போவது ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் ஓட்டிக் காட்டுவது முன்னோட்டம். இதைவிடத் தெளிவாக ஒரு சொல் அமையாது என்பது என் கட்சி.

ஒரே ஒரு சிக்கல். செய்தித்தாள்களில் புதுப் பேருந்தையோ ரயிலையோ சோதித்துப் பார்ப்பதற்கும் 'முன்னோட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று அருமையான சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு? புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பு சாமி இல்லாமல் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் ஏறுமுகத்தில் எப்படி நிற்கிறது, முட்டுக்கட்டை பிடிக்கிறதா, தெருமுனையில் திரும்புமா என்று பார்ப்பதுதான் வெள்ளோட்டம். சிதம்பரமும் திருப்பாதிரிப்புலியூரும் வில்லியனூரும் இருக்கிற வட்டாரத்தில் தேர் என்றால் யாருக்கும் அகராதி வேண்டாம். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் முதல் பகுதியைப் போட்டுக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் அது வெள்ளோட்டம். ஊருக்கே காட்டி ஆசையைக் கிளப்பினால் அது முன்னோட்டம். இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

புரோமோவுக்கு இரண்டு உறவுக்காரர்கள் உண்டு. ஒன்று டிரெய்லர். 1913இல் அமெரிக்காவில் நில்ஸ் கிரான்லண்ட் என்ற திரையரங்கு விளம்பர மேலாளர் ஒரு மேடை நாடகத்துக்கு விளம்பரமாகச் சிறு படம் எடுத்துத் திரையிட்டார் என்பது வரலாறு. அந்தக் காலத்தில் இந்தத் துண்டுகள் படம் முடிந்த பிறகு, வாலாகத்தான் வந்தன. பின்னால் இழுபட்டு வருவதால் டிரெய்லர். முன்னால் போட ஆரம்பித்த பிறகும் பெயர் மாறவில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டருக்குப் பின்னால் பெட்டி ஒன்று ஆடி ஆடி வருமே, அதற்கும் டிரெய்லர் என்றுதான் பெயர். இரண்டும் ஒரே சொல், ஒரே பொருள். விவசாயிதான் சொல்லை மூலப்பொருளில் வைத்திருக்கிறார். சினிமாக்காரர்கள் முன்னால் ஓடுவதைப் பின்னால் வருவது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகையில் 'முன்னோட்டம்' ஆங்கிலத்தைவிட நேர்மையான சொல்.

மற்றொன்று டீசர். கம்பளியைச் சிக்கெடுத்துப் பிரிக்கும் வேலைக்கான பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அது பிறகு ஆளைச் சீண்டுவது என்றானது. முழுதாகக் காட்டாமல் சீண்டிவிட்டுப் போவதால் டீசர். முன்னோட்டத் துணுக்கு என்று சொல்லிவிடலாம்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் 'பிரீமியர்' என்ற சொல்லைக் கொஞ்சம் வேறு மாதிரி உச்சரிப்பவர்கள் கிடைப்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். 'முதலாவது' என்பதற்கான பெண்பால் வடிவம். தொலைக்காட்சிக்கு 'முதல் ஒளிபரப்பு' போதும். மேடைக்கு என்றால் அரங்கேற்றம். மாதவி ஆடிய அரங்கேற்றத்துக்குச் சிலப்பதிகாரத்தில் ஒரு காதையே உண்டு. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பார்கள். ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடித்தார் என்பது மரபு. ஒரு வருடம் ஓடியிருக்கிறது!

சீரியலுக்கும் நம்மிடம் தொடர் என்ற பொருத்தமான சொல் இருக்கிறது. 'சீரியல்' என்பதன் லத்தீன் வேருக்குக் கோப்பது, இணைப்பது என்று பொருள். தொடர் என்பதும் அதுதான். நெடுந்தொடர் என்று சேனல்களே போடுகின்றன. 1836இல் பாரீஸில் 'லா பிரெஸ்' என்ற நாளிதழ் தினம் ஒரு பகுதியாக நாவல் போட ஆரம்பித்தது. நாளிதழில் அதற்கென ஒதுக்கிய பகுதியைப் பிரெஞ்சில் 'ஃபெய்தோன்' என்பார்கள், சின்ன இலை என்று பொருள். இன்றைக்கும் அங்கே டிவி தொடருக்கு அந்தப் பெயர் உண்டு. நமக்கும் இலை ஏடாகி, ஏடு நாளேடாகி இருக்கிறது. வார இதழ்களில் கதை முடியும் இடத்தில் நிற்கும் 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்தான் டிவி வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் எதிர்பார்ப்பைக் கிளப்பிய பெரிய கருவி.

சன் டிவி 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று தொடங்கியது. 1999இல் 'சித்தி', 2003இல் 'கோலங்கள்' என்று அன்றாடத் தொடர்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டன. வாரம் ஒருமுறை வந்தபோது காத்திருப்பு இரண்டு பகுதிகளுக்கு இடையில் ஆறு நாள் இருந்தது. தினம் தினம் வர ஆரம்பித்ததும் அந்த இடைவெளி சுருங்கிப்போய், பெரிய காத்திருப்பு முதல் பகுதிக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. புரோமோவுக்கு இத்தனை மவுசு வந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது 'நாடகம்'. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்துக்கும் நாடகம் என்ற பெயர் உண்டு. "ஊர்ல நாடகம் விடறாங்க" என்றால் கூத்து நடத்துகிறார்கள் என்று அர்த்தம். பாட்டிமார்கள் சீரியலை நாடகம் என்பதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடந்து, துரியோதனன் சாவை நடித்துக் காட்டும் படுகளத்திலும் தீமிதியிலும் முடிகிறதே, அதுவே நெடுந்தொடர்தான். துரியோதனன் சாவான் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பாய் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிக்கிறார்கள்.

அந்தக் கூத்தில் முன்னோட்ட வேலைக்குத் தனித்தனிச் சொல் உண்டு. முதலாவது களரி கட்டுதல். ஆடுகிறவர்கள் இன்னும் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். களத்தின் பின்பக்கம் பெஞ்சில் மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் உட்கார்ந்து வெளுத்து வாங்கும். கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, வெறும் வாத்தியம். முகவீணை என்பது வாயால் ஊதும் சின்னக் குழல், அதன் கீச்சுக்குரல் வயல்களைத் தாண்டிப் பக்கத்து ஊர் வரை போகும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவார்கள். "விரைவில்" என்ற கனத்த குரலின் வேலையை வாத்தியமே பார்த்துவிடுகிறது.

அடுத்தது திரை. முக்கிய வேடம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை அகலமாகப் பிடித்துக்கொள்வார்கள். வேடக்காரர் அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். உங்களுக்குத் தெரிவது துணிக்கு மேல் கிரீடத்தின் உச்சி, கீழே சலங்கை கட்டிய கால். சலங்கை ஒருமுறை குலுங்கும். துணி கொஞ்சம் இறங்கும், புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டு விளக்கில் மின்னும், மறுபடி துணி ஏறிவிடும். கூத்தை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியங்காரன் இந்தப் பக்கம் நின்று வருகிறவரின் பெருமையை அளப்பான், நடுவில் கிண்டலும் அடிப்பான். ஒருவழியாகத் துணி விலகும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கோயில் படிக்கட்டில் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் முகத்தை முழுக்கக் காட்டாமல் பாதியில் வெட்டுகிற புரோமோ எடிட்டர் செய்வது இதே வேலைதான்.

நூலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நம் இலக்கணக்காரர்கள் வற்புறுத்தினார்கள். அதன் பெயர் பாயிரம், அதாவது முன்னுரை. 'ஆயிர முகத்தான் அகன்றதாயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே' என்கிறது நன்னூல். ஆயிரம் எபிசோடு தாண்டும் தொடர்களை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கிறது. பாயிரத்துக்கு நன்னூல் தரும் பெயர்களில் அணிந்துரை, புனைந்துரை என்று இரண்டு உண்டு. இல்லாத அழகையும் கொஞ்சம் சேர்த்துப் புனைந்து சொல்வது என்று அதைக் குறும்பாகப் படித்தால், சேனல்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அதே நூல் சொல்வது மட்டும் அவர்களுக்குச் சங்கடம். கூத்து அந்தப் பழியைக் கட்டியங்காரன் தலையில் போட்டுத் தப்பித்துக்கொண்டது.

ஆனால் தொடர் விளம்பரத்தைப் பாயிரம் என்று எழுதச் சொல்லி நான் கேட்கமாட்டேன். அது புத்தகத்தின் சொல், அங்கேயே இருக்கட்டும். எழுத்தில் முன்னோட்டம் என்று எழுதுங்கள். 'புதிய தொடரின் முன்னோட்டம் வெளியானது', 'முன்னோட்டமே அமர்க்களம்' என்பதெல்லாம் தடுக்காமல் வருகிறது. பேச்சில் புரோமோ என்றால் சரி, யாரும் திருத்தப் போவதில்லை.

தினசரி வரும் புரோமோ இன்னொரு ரகம். நாளைக்கு என்ன நடக்கும் என்று அரை நிமிடம் காட்டுவது. சிலர் தொடரையே பார்க்காமல் கைப்பேசியில் இதை மட்டும் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்கு 'நாளைய முன்னோட்டம்' என்றால் வேறுபாடு விளங்கிவிடும். இந்த ரகத்தில் ஒரு பெரிய மோசடி உண்டு. மருமகள் மாமியாரை ஓங்கி அறைவதாகக் காட்டுவார்கள். மறுநாள் எல்லா வேலையையும் போட்டுவிட்டு உட்கார்ந்தால், அது மருமகள் கண்ட கனவு. அதற்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பில்டப்'. "சும்மா பில்டப் குடுக்கறான்" என்பார்கள். பில்டப்புக்கு நல்ல பழைய சொல் ஒன்று வழக்கில் இருக்கிறது: பீடிகை. பீடம் என்பதோடு உறவுள்ள வடசொல், மணிமேகலையில் புத்தரின் பாத பீடிகையாக வருகிறது. தனித்தமிழ் வேண்டுவோர் ஏற்கமாட்டார்கள். ஆனால் கடன் கேட்க வருகிறவர் சுற்றி வளைத்துப் பேசினால், "என்னப்பா இவ்ளோ பெரிய பீடிகை போடற, விஷயத்துக்கு வா" என்று திண்ணையில் இருக்கும் பெரியவர் இன்றைக்கும் சொல்கிறார். அறை கனவாகிப் போன மறுநாள் அவரிடமே கேட்டுப் பாருங்கள், "பீடிகை பெருசா இருந்தாலே தெரிஞ்சுக்க வேணாமா?" என்பார்.