ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டருங்க பெரட்டுக்கு வந்தா

மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவரிசையில மாடி மேல ஒரு கேம் சென்டர் இருக்கு, வாரத்துல ரெண்டு நாள் நான்தான் அங்க மெஷினுங்கள பாத்துக்குறேன். 20 கம்ப்யூட்டரு, ஒன்னுலயும் ஹார்ட் டிஸ்க் கெடையாது. ஒரு நாள் தூசி தட்ட மூடிய கழட்டி வச்சிருந்தேன், எட்டிப் பாத்த தோட்டத்துப் பையன் ஒருத்தன் "அண்ணே, எவனோ டிஸ்க்க அடிச்சிட்டுப் போயிட்டான்லா"ன்னு கத்திட்டான். போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, பின்னாடி ஒரு நெட்வொர்க் கேபிள், அவ்ளோதான் சாமான். அப்புறம் விண்டோஸ் எங்கேருந்து வருதுன்னு கேட்டான், அவனுக்குச் சொன்னத இங்கயும் எழுதிடுறேன்.

எங்கம்மா பால்மரம் வெட்டுன காலத்துல இருட்டோட எழுந்து பெரட்டுக்குப் போவாங்க, அதாவது ஆளக் கணக்கெடுத்து வேலை பிரிச்சுக் குடுக்குற எடத்துக்கு, அங்க போய் நின்னாத்தான் இன்னிக்கு எந்த மர நெரைன்னு தெரியும், அதுவரைக்கும் தன் பேரத் தவிர ஒன்னும் தெரியாது. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரும் அப்படித்தான். சுவிட்சு போட்டதும் நெட்வொர்க் கார்டுக்குன்னு உள்ள ஒரு குட்டி புரோகிராம் எழுந்திரிக்கும், அது பேரு பிஎக்ஸ்இ, இன்டெல்காரன் 1999ல வெளியிட்ட 2.1 பதிப்புதான் ரொம்ப காலம் எல்லா போர்டுலயும் ஓடுச்சு. அதுக்குத் தெரிஞ்சது தன்னோட மேக் அட்ரஸ் மட்டும், ஃபேக்டரியிலயே பதிச்சு விட்ட 48 பிட் நம்பர். யாருகிட்ட கேக்கணும்னு கூட தெரியாததால நெட்வொர்க் முழுக்க கேக்குற மாதிரி கத்தும்: நான் இன்னார், எனக்கு யாராச்சும் ஐபி நம்பர் (நெட்வொர்க்குல என் விலாசம்) குடுங்க. ஐபி நம்பர் பிரிச்சுக் குடுக்குற டிஎச்சிபி சர்வர்தான் இங்க கிராணி, தோட்டத்துல பேரு எழுதி வேலை பிரிக்கிற ஆளு மாதிரி. இந்தா நம்பர், ஸ்டோரு (ஃபைல் குடுக்குற சர்வர்) இந்த அட்ரஸ்ல இருக்கு, அங்க போய் இந்தப் பேருள்ள ஃபைல வாங்கிக்கன்னு பதில் சொல்லும்.

அந்த ஃபைல எடுத்துட்டு வர்றது டிஎஃப்டிபி, 1981லயே எழுதி வச்ச முறை. 512 பைட் குடுக்கும், "கெடச்சிது"ன்னு பதில் வந்தப்புறம்தான் அடுத்த 512. பாஸ்வேர்டும் இல்ல ஒன்னும் இல்ல. ஏன் இவ்ளோ மொக்கையா இருக்குன்னா, சின்ன சிப்புக்குள்ள அடங்கணும்ல. பழைய கணக்குப்படி துண்டுகள எண்ண 16 பிட்டுதான், 65,535 துண்டு, அதாவது 32 எம்பி தாண்டுனா எண்ணிக்கையே முடிஞ்சிடும். விண்டோஸ இது வழியா இழுக்குறதெல்லாம் நடக்காத காரியம். அதனால இங்க வாங்குறது விண்டோஸ எழுப்பி விடுற ஒரு சின்ன புரோகிராம, அதாவது லோடர மட்டும்தான், எங்ககிட்ட உள்ளது ஐபிஎக்ஸ்இ, மிச்ச வேலைய அது பாத்துக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுக்கு அடுத்தது. விண்டோஸ் டிஸ்க்குகிட்ட கேக்குற கேள்விய (இந்த எடத்துலேர்ந்து இத்தன பிளாக், அதாவது டிஸ்க்குத் துண்டு, குடு) அப்படியே நெட்வொர்க் பாக்கெட்டுக்குள்ள போட்டு சர்வருக்கு அனுப்புறதுதான் ஐஸ்கஸி. சர்வர்ல இருக்குறது வெறும் ஒரு பெரிய ஃபைல், விண்டோஸுக்கோ அது நெஜ டிஸ்க். ஆனா ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, லோடர் கையிலேர்ந்து விண்டோஸ் கைக்கு வண்டி மாறுறப்ப லோடரோட நெட்வொர்க் கனெக்‌ஷன் போயிடும், டிஸ்க் எங்க இருக்குன்னு எழுதி வச்சதே அந்த டிஸ்க்குலன்னா எப்படிக் கண்டுபுடிக்கும்? அதுக்காக லோடர் போறதுக்கு முன்னாடி ராம்ல ஒரு சீட்டு எழுதி வச்சிட்டுப் போவும், ஐபி இது, சர்வர் இது, டிஸ்க் பேரு இது. விண்டோஸ் கண்ணத் தொறந்ததும் அந்தச் சீட்ட தேடி எடுத்து தானே கனெக்‌ஷன் போட்டுக்கும். இதப் படிச்ச அன்னிக்கு தே ஓ (பால் இல்லாத டீ) ஆறிப்போனது கூட தெரியல எனக்கு.

20 மெஷினும் ஒரே ஃபைல்லேர்ந்து படிக்குதே, எழுதுனா ஒன்னுமேல ஒன்னு கலந்துடாதா? கலக்காது, மூல ஃபைல யாரும் தொட முடியாது, ஒவ்வொரு மெஷினும் எழுதுறது மட்டும் சர்வர்ல தனித்தனி ஒதுக்குப்புறத்துல விழும், திரும்பப் படிக்கிறப்ப முதல்ல அங்க பாத்துட்டு இல்லன்னாத்தான் மூலத்துக்குப் போவும். ரீஸ்டார்ட் பண்ணா ஒதுக்குப்புறம் காலி. வைரஸ் வந்தாலும் போச்சு, எவனாச்சும் வால்பேப்பர மாத்தி வச்சாலும் போச்சு. ஒரு தடவ அஞ்சாம் படிவப் பொண்ணு ஒன்னு ரெண்டு மணி நேரமா ஃபோலியோ டைப் பண்ணி டெஸ்க்டாப்ல சேவ் பண்ணியிருக்கு, இடி இடிச்சு கரண்டு டிரிப் ஆயி மெஷின் திரும்ப எழுந்தப்ப ஒன்னுமே இல்ல. அது அழுததுல எனக்குச் சாப்பாடு இறங்கல. மறுநாளே சர்வர்ல வேற டிஸ்க்குல ஒரு ஷேர் ஃபோல்டர் போட்டு எல்லா மெஷின்லயும் தெரியிற மாதிரி வச்சிட்டேன்.

இது புதுசுன்னு நெனைக்காதீங்க. 1980கள்ல டிஸ்க் யானை வெல, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி டிஸ்க் இல்லாத ஒர்க்ஸ்டேஷன வித்துச்சு, 1984ல அவங்க கொண்டுவந்த என்எஃப்எஸ் வழியா ஃபைலெல்லாம் சர்வர்லேர்ந்து வரும். இன்னிக்கு டிஸ்க் மலிவுதான், ஆனா 20 மெஷின்ல ஒவ்வொன்னுலயும் கேம் அப்டேட் போட்டுப் பாத்தவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

வேகம் எப்படின்னா, ஜிகாபிட் லைன்ல மிஞ்சிப்போனா செகண்டுக்கு 125 எம்பி, ஸ்கூல் விட்டு எல்லாரும் ஒரே நேரத்துல சுவிட்சு போட்டா தலைக்கு 6 எம்பி சொச்சம்தான். எல்லாரும் கேக்குறது அதே பிளாக்குங்கறதால சர்வரோட ராம்லயே அது சூடா இருக்கும், டிஸ்க்குக்குப் போகவே வேணாம், திணறுறது லைன்தான். அதனாலதான் சர்வருக்கு மட்டும் 10 ஜிகாபிட் கார்டு வாங்கிப் போட்டோம். அப்பவும் 7ஆம் நம்பர் மெஷின் மட்டும் ஆமை மாதிரி ஊந்துச்சு. கேபிள தடவிப் பாத்தா எலி கடிச்சிருக்கு. ஜிகாபிட்டுக்கு உள்ள இருக்குற நாலு ஜோடி கம்பியும் வேணும், அதுல ஒரு ஜோடி அறுந்து சத்தமில்லாம 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கு. செம்பனைக் காட்டுல எலிக்கு ஆந்தை வளக்குறாங்க, கேம் சென்டருக்கு யாரு வளக்குறது?

ஆனா அதவிட மோசமான நாள் ஒன்னு. எல்லா மெஷினும் கறுப்பு ஸ்கிரீன்ல ஈ53ன்னு காட்டி நிக்குது, ஸ்டோர்ல வாங்க வேண்டிய பூட் ஃபைலோட பேரு வரலன்னு அர்த்தம். சர்வர் நல்லாத்தான் இருக்கு, ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணேன், கேபிளெல்லாம் வந்து சேர்ற நெட்வொர்க் சுவிட்ச்ச மாத்துனேன், முதலாளி வேற கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நிக்குறாரு. கடைசியில பாத்தா முதல் நாள் ராத்திரி ஒரு பையன் வீட்டுலேர்ந்து பழைய வைஃபை டப்பா கொண்டாந்து மூலையில சொருகியிருக்கான். அதுக்குள்ளயும் ஒரு டிஎச்சிபி கிராணி. மெஷின் கத்துனதும் டப்பா முந்திக்கிட்டு ஐபி குடுத்துடுது, ஸ்டோரு எங்கன்னு மட்டும் சொல்லத் தெரியல அதுக்கு. கிராணி நெஜக் கிராணியான்னு கேக்குற பழக்கமே இந்த பிஎக்ஸ்இக்குக் கெடையாது, யாரு பதில் சொன்னாலும் நம்பிடும். டப்பாவ பிடுங்குனேன், அடுத்த நிமிஷம் 20 மெஷினும் வரிசையா எழுந்திரிச்சிது. அந்தப் பையன் வேற யாரும் இல்ல, டிஸ்க்க அடிச்சிட்டாங்கன்னு கத்துனானே, அவனேதான்.