ஸ்டெம்: தடம் அல்ல, கூறு

ஒரு பாடலுக்கு எழுபது, எண்பது ஒலித்தடங்கள் இருப்பது இன்று சாதாரணம். டிரம்ஸுக்கே பத்து மைக் இருக்கும். ரீமிக்ஸ் செய்து பார்க்கச் சொல்லி அத்தனையையும் அப்படியே ரசிகரிடம் கொடுத்தால் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். அதனால் டிரம்ஸ் தடங்களை எல்லாம் சமன்செய்து ஒரே ஸ்டீரியோ கோப்பாகவும், பேஸ், குரல், கிதார் என்று மற்றவற்றைத் தனித்தனிக் கோப்பாகவும் எடுத்துத் தருகிறார்கள். அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு ஸ்டெம்.

ஆங்கிலத்தில் ஸ்டெம் என்றால் செடியின் தண்டு. திரைப்பட ஒலிக்கலவையில் புழங்கும் சொல் இது. வசனம், இசை, சிறப்பொலி மூன்றும் தனித்தனிக் கலவையாக இருந்தால், வேறு மொழிக்கு டப்பிங் செய்யும்போது வசனத்தை மட்டும் மாற்றினால் போதும். டப்பிங்காரர்கள் ‘எம் அண்ட் ஈ’ என்று கேட்டு வாங்குவது மற்ற இரண்டையும்தான்.

ரசிகர்களுக்குத் தருவதில், தடங்களை அப்படியே தருவது, ஸ்டெம்மாகத் தருவது என இரண்டு வழிகளும் உண்டு. 2005இல் நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழுவின் டிரென்ட் ரெஸ்னர் ஒரு பாடலைக் கராஜ்பேண்ட் என்ற ஆப்பிள் இசை மென்பொருளின் கோப்பாகவே இலவசமாக வெளியிட்டார், அது பல்தடம். 2008இல் ரேடியோஹெட் இசைக்குழு ‘நியூட்’ பாடலைக் குரல், பேஸ், கிதார், டிரம்ஸ், வயலின் வகையும் சிறப்பொலியும் என ஐந்தாகப் பிரித்து ஐடியூன்ஸில் விற்றது, அதுதான் ஸ்டெம். ரசிகர்கள் செய்த ரீமிக்ஸ்களுக்கு ரசிகர்களே வாக்களித்தார்கள்.

ஸ்டெம்மைத் தமிழில் ‘தண்டு’ என்றால் யாருக்கும் புரியாது. ‘தடம்’ தவறு, அது டிராக். சந்தையில் ஐந்தாறு கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறிலிருந்து ஒரு காயை மட்டும் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். ஸ்டெம்மும் அப்படியே: டிரம்ஸ் கோப்பிலிருந்து ஸ்நேர் என்ற ஒரு டிரம்மை மட்டும் எளிதில் உருவ முடியாது. ‘ஒலிக்கூறு’ மொழியியலில் வேறு பொருளில் வழங்குவதால் ‘கலவைக்கூறு’ பொருந்தும். பேச்சில் ‘கூறு’ என்றாலே போதும்.

கூறு கட்டுவதில் முதல் விதி: எல்லாக் கோப்பும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். குரல் நாற்பதாவது நொடியில்தான் வருகிறது என்று முன்னாலுள்ள அமைதியை வெட்டிவிட்டால், அதை எங்கே பொருத்துவது என்று ரசிகருக்குத் தெரியாது. 24 பிட் வேவ் கோப்பே நல்லது. எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் சில மில்லிநொடி அமைதி சேரும். கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டினாலும் மென்பொருளின் தாளக் கட்டத்தோடு ஒட்டாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள்) கோப்பை மாற்றாமல் 48இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். வேகத்தையும் (பி.பி.எம்.) சுருதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். மொத்தக் கலவையின் உச்ச ஒலியை அழுத்திப் பிடிக்கும் மாஸ்டர் லிமிட்டரைக் கட்டாயம் அணைக்க வேண்டும். அது மொத்த ஒலிக்கு ஒரு மாதிரி அழுத்தும், தனிக் கூறுக்கு வேறு மாதிரி அழுத்தும். பிறகு கூட்டினால் பழைய பாட்டு வராது.

அனுப்புமுன் ஒரு சோதனை. கூறுகளை எல்லாம் புதிய கோப்பில் அடுக்கி, லிமிட்டர் இல்லாத முழுக் கலவையை முனை தலைகீழாக்கி (ஒலியலையின் மேட்டைப் பள்ளமாக, பள்ளத்தை மேடாக மாற்றி) அவற்றோடு சேர்த்து ஓட்டுங்கள். நிசப்தம் வந்தால் கணக்கு சரி. மெல்லிய எதிரொலி மட்டும் கேட்டால், குரலுக்குப் போட்ட ரிவெர்ப் (எதிரொலிப்பு) எந்தக் கூறிலும் சேரவில்லை.