தெருவில் வளரும் பிள்ளைகள்: 18 முடிவதற்குள் கையில் இருக்க வேண்டிய உத்தரவு

தெருவிலும் ரயில் நிலையத்திலும் தங்கி வளரும் பிள்ளைகளிடம் களப்பணி செய்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது வயது. 18 முடிந்தவர்களுக்கு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்பு உதவி உண்டு: மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. ஆனால் அது குழந்தைகள் இல்லத்திலிருந்து வெளியேறுபவர்களுக்கு. சிறுவயதிலிருந்தே பிளாட்பாரத்தில் படுத்தவனாக இருந்தாலும், இல்லத்தில் இருந்ததே இல்லை என்றால் அவனுக்கு இடமில்லை. பதினேழு வயதுப் பையனை "இன்னும் கொஞ்சம் பழகட்டும்" என்று, இல்லத்தில் சேர்க்கும் உத்தரவு வாங்காமல் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

வீடின்றித் தெருவில் வாழும் குழந்தை, இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி பராமரிப்பு தேவைப்படும் குழந்தை. போலீஸ் மட்டுமல்ல, சமூகப் பணியாளரோ பொதுமக்களில் ஒருவரோ, அந்த உத்தரவைத் தரும் குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போகலாம். பிள்ளை தானாகவும் போகலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும்.

அலைக்கழிப்பு அங்கேதான் தொடங்கும். "இன்று குழு உட்காரவில்லை" என்பார்கள். குழு கூடாத நாளில் தனி உறுப்பினர் முன்பு ஆஜர்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. "வேறு மாவட்டப் பையன், அங்கே போங்கள்" என்றாலும் நகராதீர்கள். கண்டெடுத்த இடத்துக் குழு முதலில் விசாரிக்க வேண்டும், சொந்த ஊருக்கு மாற்றுவது அதன் பிறகு. "ஆதார் எங்கே?" என்ற கேள்விக்கும் மசிய வேண்டாம், ஆதார் இல்லாததற்காக ஆஜரை மறுக்க முடியாது. எதைக் கொடுத்தாலும் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

அதிகம் ஏமாற்றமடைவது வயதில். முதல் தாளிலேயே "சுமார் 18" என்று யாராவது எழுதிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும், ஏனென்றால் குழு பதிவு செய்யும் வயதுதான் சட்டப்படி உண்மை வயது. எனவே போவதற்கு முன்பே, பாதியில் விட்ட பள்ளியைத் தேடிப்பிடித்துப் பிறந்த தேதிச் சான்று வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. உத்தரவிட்ட 15 நாளில் அது முடிய வேண்டும், முடியவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

"இல்லத்தில் அடைத்துவிடுவார்கள்" என்று பயந்து ஓடும் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: விவரம் தெரிந்த வயதென்றால் அவன் விருப்பத்தையும் குழு கணக்கில் எடுக்க வேண்டும். குடும்பத்துடன் சேர்த்து மேற்பார்வையில் விடவும், நிதி ஆதரவு வழங்கவும் உத்தரவிடலாம். ஆனால் பிற்காப்புக்கு இல்லத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாருமற்ற பிள்ளையை உங்கள் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098, போலீஸ் அல்லது குழுவிடம் தெரிவித்தாக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இல்லத்தில் சேர்ந்த பின் கண்காணிப்பாளர் சான்றைக் கொண்டு ஆதார் எடுத்து, அவன் பெயரிலேயே வங்கிக் கணக்கும் தொடங்குங்கள். 18 முடியச் சில மாதங்கள் முன்பே பிற்காப்பு மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்துவிடுங்கள்.