டாலரை விடுங்கள், சி.சி.எஃப். எவ்வளவு?

டெக்சாஸில் டாலஸ் பக்கம் பெருங்குளிர் அடிக்கும்போது எனக்கு அவ்வளவாக வேலை இருக்காது. மூன்று நான்கு வாரம் கழித்து, கேஸ் பில் வந்த பிறகுதான் போன் அடிக்கத் தொடங்கும். முதலில் வாட்ஸாப்பில் பில்லின் படம் வரும். மொத்தத் தொகையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே ஒரு வரி: "அண்ணா, இது நியாயமா?" நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன்: "ரெண்டாம் பக்கத்தையும் அனுப்புங்க."

வீட்டுக்குள் இருக்கும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்று அளந்து சொல்வது என் தொழில். எனர்ஜி ஆடிட் என்பார்கள். ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஊர்களில்தான் பாதி வேலை. அதனால் நம் வீடுகளின் பழக்கவழக்கமும் எனக்குக் கொஞ்சம் அத்துப்படி.

பில்லின் முதல் பக்கத்தில் இருப்பது டாலர். அதை வைத்து யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. இரண்டாம் பக்கத்தில் மீட்டர் அளவும் எத்தனை சி.சி.எஃப். எரித்தீர்கள் என்பதும் இருக்கும். ஒரு சி.சி.எஃப். என்றால் 100 கன அடி கேஸ். வேறு சில மாநிலங்களில் தெர்ம் என்று போடுவார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நூற்றுக்கு நாலு வித்தியாசம் வரும். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அது நிஜமாகப் படித்த அளவா, கம்பெனி உத்தேசமாகப் போட்டதா என்பதும், அந்தப் பில் எத்தனை நாளுக்கு என்பதும் இருக்கும். சென்ற மாதம் 29 நாள், இந்த மாதம் 34 நாள் என்றால் கோபத்தில் கொஞ்சம் அங்கேயே குறைந்துவிடும்.

அப்புறம் குளிரின் கணக்கு. இந்தத் தொழிலில் ஹீட்டிங் டிகிரி டே என்று ஒன்று உண்டு. பெயர்தான் பெரிது, கணக்கு சின்னது. ஒரு நாளின் சராசரி வெப்பநிலையை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கழித்தால் வருவதுதான் அந்த நாளின் குளிர். சாதாரண பிப்ரவரி நாளில் சராசரி 50 என்று வையுங்கள், குளிர் 15. புயல் நாளில் சராசரி 10 என்றால் குளிர் 55. ஒரு புயல் நாள் கிட்டத்தட்ட நான்கு சாதாரண நாளுக்குச் சமம். ஐந்து நாள் அப்படி அடித்தால் 18 நாள் கேஸ் ஐந்தே நாளில் போய்விடுகிறது. "நாங்க தெர்மோஸ்டாட்டைத் தொடவே இல்ல அண்ணா" என்பார்கள். உண்மைதான். வீட்டுச் சூட்டை வைக்கும் அந்தக் கருவியை நீங்கள் தொடவில்லை என்பதால்தான், கேஸை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ராப்பகலாக ஓடியிருக்கிறது.

ஒரு வீட்டின் கணக்கைச் சொல்கிறேன். பிளேனோவில் இரண்டு மாடி வீடு. டிசம்பரில் 95 சி.சி.எஃப்., குளிர் அடித்த மாதம் 140. கோடையில் ஹீட்டரே ஓடாத மாதங்களில் சமையலுக்கும் வெந்நீருக்குமாக 15 ஆகிறது. அதைக் கழித்தால் டிசம்பர் 80, புயல் மாதம் 125. நாள்வாரிக் குளிரைக் கூட்டினால் வரும் மாதக் குளிர் டிசம்பரில் 450, அடுத்ததில் 700. (இந்த எண்கள் தேசிய வானிலை சேவையின் இணையதளத்தில் ஊர்வாரியாக இலவசமாகக் கிடைக்கும்.) 80-ஐ 450-ஆல் வகுத்தால் 0.178, அதாவது ஒரு டிகிரிக் குளிருக்கு எரிந்த சி.சி.எஃப். 125-ஐ 700-ஆல் வகுத்தால் 0.179. அந்த வீடு மாறவே இல்லை. ஊர்தான் குளிர்ந்திருக்கிறது. அந்தத் தம்பியிடம் வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் விடவில்லை. "அளவு ஒன்றரை மடங்குகூட ஏறல, டாலர் மட்டும் ஏன் ரெண்டு மடங்கு?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் 2021 பிப்ரவரியில் இருக்கிறது.

அந்த மாதம் இங்கே இருந்தவர்களுக்கு யூரி புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். பிப்ரவரி 16 காலை டாலஸ் விமான நிலையத்தில் சுழியத்துக்குக் கீழே 2 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் கிட்டத்தட்ட மைனஸ் 19. மின்சாரம் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. கேஸ் கிணறுகள் உறைந்தது பலருக்குத் தெரியாது. கிணற்றிலிருந்து வரும் கேஸோடு தண்ணீரும் வரும். அந்தக் குளிரில் அது குழாய் வாயிலேயே பனிக்கட்டியாகி அடைத்துக்கொண்டது. கேஸ் வராததால் மின் நிலையங்கள் நின்றன. மின்சாரத்தை வெட்டியபோது, கேஸை அழுத்தித் தள்ளும் நிலையங்களில் சிலவற்றுக்கும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அவை முக்கிய இணைப்புகள் என்று பட்டியலில் யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. டெக்சாஸின் கேஸ் உற்பத்தி கிட்டத்தட்டப் பாதியாகச் சரிந்தது.

இருந்த கொஞ்ச கேஸுக்கு எல்லோரும் அடித்துக்கொண்டார்கள். லூசியானாவின் ஹென்றி ஹப் சந்தையில் மாதத் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 10 சி.சி.எஃப். கேஸுக்கு 3 டாலரைச் சுற்றி இருந்த விலை, 17-ஆம் தேதி 23.86 டாலர் ஆனது. ஓக்லஹோமாவில் ஒரு சந்தை முனையில் அதே அளவு கேஸ் 1,000 டாலரையும் தாண்டியது. நம் வீட்டுக்குக் கேஸ் தரும் கம்பெனிகள் வேறு வழியில்லாமல் அந்த விலைக்கு வாங்கித்தான் கொடுத்தன. கேஸின் கொள்முதல் விலையில் அவர்களுக்கு லாபம் கிடையாது. என்ன விலைக்கு வாங்கினார்களோ அது அப்படியே நம் தலையில் வந்து விழும். அதுவும் உடனே வராது, ஒன்றிரண்டு மாதம் பின்தங்கி வரும். வெயில் வந்த பிறகும் பில் இறங்காததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் 2021-இன் விலையை ஒரே மாதத்தில் நம்மிடம் கேட்டிருந்தால் பாதிப் பேர் வீட்டை விற்றிருப்போம். அதனால் டெக்சாஸ் சட்டமன்றம் அதே ஆண்டு ஒரு சட்டம் போட்டு, அந்தச் செலவைக் கடன் பத்திரமாக மாற்ற வழிசெய்தது. 2023-இல் கிட்டத்தட்ட 350 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டார்கள். அந்தக் கடனை வட்டியோடு நாம் மாதாமாதம் கட்டுகிறோம். பில்லில் அதற்கு 'கஸ்டமர் ரேட் ரிலீஃப்' என்று பெயர். நிவாரணம் என்று பெயர் வைத்து நம்மிடமே வசூலிக்கிறார்கள், பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. (இதையெல்லாம் மேற்பார்த்தது டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷன். ரயிலுக்கும் அதற்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் கிடையாது.) இந்தத் தொகை சி.சி.எஃப். கணக்கில் ஏறும். அதாவது எந்த மாதம் அதிகம் எரிக்கிறீர்களோ, அந்த மாதம் பழைய புயலின் கடனையும் அதிகமாகக் கட்டுகிறீர்கள். ஓக்லஹோமாவில் இதே கடனை 25 ஆண்டுப் பத்திரமாக்கி இருக்கிறார்கள். அங்கே 2021-இல் பிறந்த குழந்தை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பாக்கி ஓடும்.

விலையும் பழைய கடனும் நம் கையில் இல்லை. டெக்சாஸில் மின்சாரத்துக்காவது பல ஊர்களில் கம்பெனியை மாற்றலாம், வீட்டு கேஸுக்கு அதுவும் கிடையாது. நம் கையில் இருப்பது அந்த 0.178 மட்டும்தான். அது ஏறினால்தான் நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

ஃப்ரிஸ்கோவில் ஒரு வீட்டில் அப்படி ஏறியிருந்தது. டிசம்பரில் 0.18 இருந்தது, குளிர் மாதத்தில் 0.27. ஏற்கெனவே ஒரு கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, ஃபர்னஸ் பழசு, 96 சதவீதத் திறன் உள்ள புதிது போட வேண்டும் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சின்னக் கணக்கு போட்டுக் காட்டினேன். இருப்பது 80 சதவீத ஃபர்னஸ். ஆண்டுக்கு 500 சி.சி.எஃப். சூட்டுக்கு எரித்தால், புதியதில் மிச்சமாவது 83. அதுவும் முழுசாகச் சேமித்தால். ஃபர்னஸ் ஒரே மாதத்தில் மூன்றில் ஒரு பங்குத் திறனை இழப்பதில்லை. வேறு எங்கோ ஓட்டை.

"இந்தக் குளிர்ல குழாய் ஏதும் வெடிச்சுதா?" என்று கேட்டேன். அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஒரு தண்ணீர்க் குழாய் வெடித்து, பிளம்பர் வந்து சரி செய்துவிட்டுப் போனாராம். மேலே ஏறினேன். குழாயைத் தேடிப் போன வழியெங்கும் சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷனைத் தள்ளி ஓரம் கட்டி வைத்திருந்தார்கள், பெட்ரூமின் கூரைப் பலகை வெறுமையாகத் தெரிந்தது. அதைவிட மோசம், போகும் வழியில் யாரோ ஒரு டக்டை (சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) மிதித்ததில் அது பெட்டியிலிருந்து கழன்று கிடந்தது. ஃபர்னஸ் சூடாக்கிய காற்றில் ஒரு பங்கு நேராக அட்டிக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கே ஃபர்னஸையும் டக்டையும் அட்டிக்கில் வைத்துக் கட்டுவது வழக்கம். வெயில் ஊருக்குக் கட்டிய வீடுகள் இவை, கட்டியவர்கள் குளிரைப் பெரிதாக நினைக்கவில்லை. டக்டைப் பொருத்திப் பட்டை போட்டு இறுக்கி, மூட்டில் மாஸ்டிக் பசை பூசி, இன்சுலேஷனைப் பரப்ப அரை நாள் ஆனது.

குளிருக்குப் பிறகு யாராவது உங்கள் அட்டிக்கில் ஏறி இறங்கியிருந்தால், நீங்களும் ஒருமுறை ஏணி போட்டுத் தலையை நீட்டிப் பாருங்கள். உள்ளே நடக்க வேண்டாம். கூரைப் பலகையில் கால் வைத்து நேராகப் படுக்கையறையில் இறங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, ஆள் இல்லாத மாடி அறைகளில் சூடான காற்று வரும் வென்டை மூடி வைப்பது. மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. ஃபர்னஸ் தள்ளும் காற்று குறையாது. போக இடமில்லாமல் அழுத்தம் ஏறி, டக்டில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே பீறிடும். திறந்து விடுங்கள். ஃபர்னஸின் ஃபில்டரை மாற்றுங்கள்.

அடுத்தது அடுப்படி. இதை மற்ற ஆடிட்டர்கள் சொல்வதில்லை, அவர்கள் தாளிப்பதில்லை. நிமிஷத்துக்கு 400 கன அடி காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு மணி நேரம் ஓட விட்டால் 24,000 கன அடி. 2,500 சதுர அடி வீட்டுக்கு 9 அடி கூரை என்றால் உள்ளே இருக்கும் மொத்தக் காற்றே 22,500 கன அடிதான். குழம்பு கொதித்து முடிவதற்குள் காசு கொடுத்துச் சூடாக்கிய மொத்தக் காற்றையும் வெளியே அனுப்பிவிட்டு, கதவிடுக்கு வழியாகத் தெருக்காற்றை உள்ளே இழுத்திருக்கிறோம். தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் கட்டாயம் போடுங்கள். பருப்பு வேகும் நேரம் முழுவதும் முழு வேகத்தில் ஓட வேண்டாம். அதோடு, வெந்நீர் ஹீட்டர் பழைய மாதிரியாக வீட்டுக்குள்ளேயே இருந்தால், இந்த ஃபேன் அதன் புகையையே வீட்டுக்குள் திருப்பி இழுக்கக்கூடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் நான் மற்ற எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை. யூரியின்போது டெக்சாஸில் 1,400-க்கும் மேற்பட்டோர் இந்த வாயுவால் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தது. காரை கராஜுக்குள் ஓடவிட்டவர்களும், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் அதில் உண்டு. இட்லி மாவு புளிக்க ஓவன் விளக்கைப் போட்டு வைப்பது வேறு. வீடு சூடாகட்டும் என்று கேஸ் ஓவனை எரியவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது வேறு.

தெர்மோஸ்டாட்டில் எவ்வளவு வைப்பது என்று கேட்டால் 68 என்பேன். வெளியே 45 இருக்கும்போது உள்ளே 68 வைத்தால் வித்தியாசம் 23, 76 வைத்தால் 31. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களுக்குக் குளிர்கிறது என்றால் இந்தக் கணக்கை அவர்களிடம் காட்டாதீர்கள். எழுபது வயதில் குளிர்கிறது என்றால் குளிரத்தான் செய்கிறது. அவர்கள் அறைக்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள்: ஜன்னல் இடுக்குக்குப் பட்டை, மெத்தைக்கு மின்சாரக் கம்பளி, காலுக்கு சாக்ஸ்.

பில் கட்டவே முடியாத நிலை என்றால் கம்பெனியிடம் தவணை கேளுங்கள், தயங்க வேண்டாம். டெக்சாஸில் 211-க்கு அழைத்தால், வருமானம் குறைந்த வீடுகளுக்கான கூட்டரசின் எரிசக்தி உதவிக்கு வழி சொல்வார்கள். ஆண்டு முழுவதும் ஒரே தொகை கட்டும் சராசரித் திட்டமும் உண்டு. அது சீட்டு கட்டுகிற மாதிரி, மாதாமாதம் வலி தெரியாது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கொஞ்சம் சந்தேகம். டக்ட் கழன்று கிடந்தாலும் டாலர் மாறாமல் வரும், யாரும் இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மாட்டார்கள்.

ஃப்ரிஸ்கோ வீட்டிலிருந்து அடுத்த மாதம் படம் வந்தது. இந்த முறை சிவப்பு வட்டம் சி.சி.எஃப். எண்ணைச் சுற்றி. வகுத்துப் பார்த்தேன், 0.18. கீழே ஒரு கேள்வி: "எல்லாம் சரி அண்ணா, இந்த ரிலீஃப்னு போட்டிருக்கே, அது நமக்கு எப்போ கிடைக்கும்?"